தலை திருப்பினால் ரோடு சாய்கிறதா? நடுவில் இல்லாத சென்சாருக்கு ஓபன்டிராக் அமைக்கும் வழி

சேலத்துப் பக்கம் லாரி, பஸ் சிமுலேட்டர் ஆடுகிறவர்களுக்குக் குறைவே இல்லை. சங்ககிரி லாரிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், காலேஜ் முடித்து வேலைக்குக் காத்திருப்பவர்கள், ஓட்டி ஓய்ந்த டிரைவர்கள் என்று எல்லா வயதிலும் இருக்கிறார்கள். தலையைத் திருப்பினால் கேபினுக்குள் பார்வையும் திரும்ப வேண்டும் என்று ஆசைப்பட்டு ஹெட் டிராக்கிங் போடுவார்கள். சென்சாரை, அதாவது தலையைக் கவனிக்கும் கேமராவை, மானிட்டரின் நடுவில் வைக்கச் சொல்லும் கையேடு. நம் வீட்டு ஹாலிலோ மேசை சுவரோரம் ஒட்டி இருக்கும், டிவிக்கு மேல் சாமி படத் தட்டு இருக்கும், நடுவில் ஸ்பீக்கர் இருக்கும். கேமரா கிடைத்த இடத்தில் போய் உட்காரும்.

உட்காரட்டும். சென்சார் நடுவில் இல்லை என்பது தனியாக ஒரு கோளாறே அல்ல. அது எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்து பார்க்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பக்கவாட்டில் தள்ளி வைத்தால் மென்பொருள் பெரும்பாலும் சமாளித்துவிடும். மேலே ஏற்றிக் கீழ்நோக்கிச் சாய்த்தால் சமாளிக்காது. கீழே வரும் அறிகுறிகளில் பாதி இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருபவை.

நான் சொல்வதெல்லாம் ஓபன்டிராக் என்ற ஹெட் டிராக்கிங் மென்பொருளை மனதில் வைத்து. இலவசம், மூலநிரல் திறந்தது, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பெட்டிகளின் பெயர் மாறும், கோணக் கணக்கு மாறாது. மூன்று சொற்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: இடம் வலம் திரும்புவது யா, குனிந்து நிமிர்வது பிட்ச், காதைத் தோளை நோக்கிச் சாய்ப்பது ரோல். நகர்வுகளில் எக்ஸ் பக்கவாட்டு, ஒய் மேல் கீழ், இசட் முன் பின்.

முதலில் டேப்பும் நூலும்

எந்தப் பெட்டியையும் தொடுவதற்கு முன் இப்போதைய ப்ரொஃபைலை வேறு பெயரில் சேமித்து வையுங்கள். பிறகு ஆடும்போது உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து, மூக்குத் தண்டிலிருந்து மானிட்டர் வரை எத்தனை செ.மீ. என்று வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். மூக்குக்கு நேரான கோட்டிலிருந்து சென்சார் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி, கண்ணைவிட எவ்வளவு மேலே என்று இரண்டு அளவுகளும் வேண்டும்.

தூரம் 70 செ.மீ. என்றால், 10 செ.மீ. தள்ளி இருக்கும் சென்சார் முகத்தை நேராகப் பார்க்க 8 டிகிரி திரும்ப வேண்டும். 20 செ.மீ. என்றால் 16 டிகிரி, 30 என்றால் 23, 40 என்றால் 30. இது டான் கணக்குதான், ஃபோன் கால்குலேட்டரிலேயே போடலாம். பக்கக் கோணம் ஒன்று, உயரக் கோணம் ஒன்று, இரண்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அடுத்து மேப்பிங் வளைவுகளை எல்லாம் ஒன்றுக்கு ஒன்று என்று நேர்கோடாக்குங்கள். தலை 30 டிகிரி திரும்பினால் விளையாட்டில் 120 டிகிரி திரும்பும்படி வளைத்து வைத்திருப்பீர்கள். அந்தப் பெருக்கத்தோடு கோளாறு தேடினால் எது சென்சார் பிழை, எது வளைவின் குறும்பு என்று தெரியாது. விளையாட்டைத் திறக்கவே வேண்டாம். ஓபன்டிராக் முகப்பில் டிராக்கரிலிருந்து வரும் எண்கள் ஒரு பக்கமும், விளையாட்டுக்குப் போகும் எண்கள் இன்னொரு பக்கமும் ஓடும். நடுவில் ஒரு ஆக்டோபஸ் பொம்மை உங்கள் தலைக்கு ஏற்ப ஆடும். பொம்மை ஆளை மயக்கும், எண்களைப் பாருங்கள்.

"ஸ்டார்ட் செய்ததும் பார்வை ஒரு பக்கமாகவே நிற்கிறது"

இது நோயே இல்லை. சென்சார் 23 டிகிரி பக்கத்திலிருந்து பார்க்கிறது, அதனால் நீங்கள் நேராக இருப்பது அதற்குத் திரும்பி இருப்பதாகத் தெரிகிறது. ஷார்ட்கட்ஸில் சென்டர் பட்டன் ஒன்று ஒதுக்குங்கள். ஸ்டீயரிங் வீல் பட்டனையே கொடுக்கலாம். சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர் சாய்ந்த நிலையிலேயே அழுத்த வேண்டும், ஃபோட்டோவுக்கு நிமிர்ந்த மாதிரி நிமிர்ந்து அழுத்தினால் பிறகு பார்வை முழுக்கக் கீழே கிடக்கும்.

அழுத்தியும் நகரவில்லை, ஆனால் மென்பொருள் ஜன்னலில் மட்டும் வேலை செய்கிறது என்றால், விளையாட்டு நிர்வாகி உரிமையில் ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஓபன்டிராக்கையும் அதே உரிமையில் திறக்க வேண்டும்.

"கண்ணாடியைப் பார்க்கத் திரும்பினால் ரோடே சாய்கிறது"

சங்ககிரியில் ஒரு மாமா, தொப்பூர் கணவாயை வருடக்கணக்கில் லாரியில் ஏறி இறங்கியவர், சொன்னது இது: "தம்பி, இடது மிர்ரரப் பார்த்தா வண்டி பள்ளத்துல விழற மாதிரி சாயுதுப்பா. நெசமான தொப்பூர்லகூட நான் இப்படிப் பயந்ததில்ல." அவர் வீட்டில் 43 அங்குல டிவி, அதன் தலையில் கேமரா, முகம் நோக்கிக் கீழே சாய்த்து வைத்தது. கணக்குப் பாருங்கள். 43 அங்குல டிவியின் உயரத்தில் பாதி சுமார் 27 செ.மீ. கண் டிவியின் நடுவுக்கு நேராக, 75 செ.மீ. தூரத்தில் இருந்தால் கேமரா ஏறத்தாழ 20 டிகிரி கீழ்நோக்கிப் பார்க்கிறது.

கீல் சாய்வாகப் பொருத்திய கதவு நேராகத் திறக்காது, திறக்கத் திறக்க மேல் விளிம்பு சாயும். உங்கள் கழுத்து நேராகத்தான் திரும்புகிறது. ஆனால் 20 டிகிரி சாய்ந்த கேமராவின் கண்ணுக்கு அந்த அச்சே சாய்ந்து கிடக்கிறது. அதனால் நீங்கள் 45 டிகிரி சுத்தமாகத் திரும்பும்போது அது 14 டிகிரி ரோலையும், நடுநிலையிலிருந்து 6 டிகிரி பிட்ச் மாற்றத்தையும் சேர்த்து எழுதுகிறது. உயரக் கோணம் 10 டிகிரியாக இருந்தால் பொய் ரோல் 7 டிகிரியில் நிற்கும். 30 ஆனால் 22-க்கு ஏறிவிடும். பிட்ச் வளைவில் மூன்று மடங்கு பெருக்கம் வைத்திருந்தால் அந்த 6 டிகிரி 18 ஆகும். மாமா பள்ளத்தில் விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

சென்டர் பட்டன் இதை ஏன் சரிசெய்யவில்லை? சென்டர் என்பது நேராகப் பார்க்கும் நிலையில் உள்ள எண்ணைக் கழிப்பது. பிட்ச் 20 என்று நின்றது 0 ஆகும், அவ்வளவுதான். நீங்கள் திரும்பத் தொடங்கியதும் அந்தக் கழித்தல் பொருந்தாமல் போகிறது. பக்கவாட்டுக் கோணத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. யா, பிட்ச், ரோல் என்ற வரிசையில் கோணத்தைப் பிரிக்கும்போது யா முதலில் வருவதால், கேமரா இடப்பக்கம் திரும்பி இருப்பது யாவில் ஒரு நிலையான எண்ணாக மட்டும் சேரும், கழித்தால் முழுதாகப் போய்விடும். பக்கத்துக்கும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். டிவிக்கு மேலேயா, டிவியின் ஓரத்தில் கண் உயரத்திலா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைச் சொல்வேன்.

ஆகவே முதல் வைத்தியம் ஸ்க்ரூ டிரைவர் வைத்தியம்தான்: கேமராவை இறக்குங்கள். ஒரு சின்ன ட்ரைபாட், இல்லையென்றால் டிவியின் பக்கச் சட்டத்தில் ஒரு கிளாம்ப். இறக்கவே முடியாது என்றால் ஆப்ஷன்ஸில் சென்டரிங் முறையைத் தேடுங்கள். புதிய பதிப்புகளில் பாயிண்ட், விஆர் 360, ரோல் காம்பன்சேட்டட் என்று தேர்வுகள் இருக்கும். பாயிண்ட் என்பது வெறும் கழித்தல். மற்ற இரண்டும் சுழற்சியைச் சுழற்சியாகவே எடுத்துக்கொள்ள முயல்பவை. ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் சென்டர் அழுத்தி, தலையை இடது 45 வலது 45 திருப்பி ரோல் எண்ணைப் பாருங்கள். எதில் ரோல் குறைவாக அலைகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். சில மென்பொருள்களில், சில பதிப்புகளில் கேமராக் கோணத்தையே எழுதக் கட்டம் இருக்கும். தாளில் எழுதிய உயரக் கோணத்தை அங்கே கொடுங்கள். ரோல் இரண்டு மடங்கானால் குறியை மாற்றி மைனஸ் போடுங்கள்.

அதுவும் முடியாத இடத்தில் ரோலை அணைத்துவிடுங்கள். அவுட்புட் பகுதியில் ரோலுக்கு உரிய மூலத்தை டிஸேபிள்ட் ஆக்கினால் போதும். லாரி ஓட்டத் தலை சாய்க்கத் தேவையில்லை. விமானம் ஓட்டுகிறவர்களுக்கும் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. பிட்சில் மிச்சமாகும் கசிவை வளைவின் நடுவில் சின்னத் தட்டைப் பகுதி வைத்து அடக்கலாம்.

அந்த மாமா வீட்டில் கேமரா கடைசியில் டிவிக்கு இடப்பக்கம், ஜன்னல் திண்டின் மேல் போனது. அத்தைக்குத்தான் கோபம், அங்கே இருந்த துளசித் தொட்டி இடம் மாறிவிட்டதாம்.

"குனிந்து நிமிர்ந்தால் பார்வை குறுக்கே ஓடுகிறது"

மேலே சொன்னதற்குத் தம்பி இது. கேமரா உயரம் சரியாக இருந்தும், அதன் உடலே கிளிப்பில் கோணலாக உட்கார்ந்திருந்தால் வரும். 10 டிகிரி கோணல் இருந்தால், 30 டிகிரி திரும்புவதில் 5 டிகிரி அளவுக்கு மேலோ கீழோ போகும், குனிந்து நிமிர்ந்தால் அதே போல் பக்கவாட்டில் ஓடும். கேமராப் படத்தில் ஜன்னல் சட்டமோ கதவு நிலையோ செங்குத்தாகத் தெரிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். சாய்ந்து தெரிந்தால் கேமராக் கிளிப்புக்கடியில் மடித்த அட்டை வையுங்கள்.

"முன்னால் சாய்ந்தால் பார்வை பக்கத்தில் வழுக்குகிறது"

இங்கே முதலில் ஒரு கேள்வி. நேராகப் பார்த்துக்கொண்டு சாய்ந்தால் வழுக்குகிறதா, பக்கத்தில் திரும்பிப் பார்த்துக்கொண்டு சாய்ந்தால் மட்டும் வழுக்குகிறதா?

திரும்பிப் பார்க்கும்போது மட்டும் என்றால் சென்சாரைக் குற்றம் சொல்லாதீர்கள். ரிலேட்டிவ் டிரான்ஸ்லேஷன் என்ற வசதி இயங்குகிறது. நீங்கள் பார்க்கும் திசையை முன்பக்கமாக எடுத்துக்கொண்டு நகர்வைத் திருப்பிக் கொடுப்பது அதன் வேலை. சிலருக்குப் பிடிக்கும். பிடிக்காவிட்டால் அணையுங்கள்.

நேராகப் பார்க்கும்போதே வழுக்கினால், அது பக்கத்திலிருந்து திரும்பிப் பார்க்கும் சென்சாரின் வேலை. கோணங்கள் கழித்தலில் சரியாகிவிடும் என்றேன், நகர்வுகளுக்கு அந்தச் சலுகை இல்லை. கேமரா இடப்பக்கத்தில் 23 டிகிரி திரும்பி இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் மானிட்டரை நோக்கி 10 செ.மீ. போனால் அது இசட்டில் 9 செ.மீ.யும், எக்ஸில் வலப்பக்கமாக 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகவும் பதிவாகும். கேமரா எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் வழுக்கும். மேலே வைத்த கேமராவுக்கு இதே கணக்கு ஒய்யில் வரும்: 20 டிகிரி என்றால் 10 செ.மீ. முன்னால் போகும்போது பார்வை 3 செ.மீ.க்கு மேல் கீழே இறங்கும்.

இதற்கு மருந்து கேட்டால் பலருக்கு நம்பிக்கை வராது: கேமராவை முகத்தை நோக்கித் திருப்பாதீர்கள். இடப்பக்கம் 25 செ.மீ. தள்ளியே இருக்கட்டும், ஆனால் மானிட்டருக்கு இணையாக நேரே பார்க்கட்டும். முகம் படத்தின் ஓரத்தில் விழும், பரவாயில்லை. அச்சுகள் உங்கள் அச்சுகளோடு ஒத்துப்போகும், 25 செ.மீ. இடப்பெயர்ச்சியைச் சென்டர் பட்டன் தின்றுவிடும்.

முகம் படத்துக்கு வெளியே போய்விடுமே என்றால் அதையும் கணக்கிடலாம். அகலவாட்டில் 60 டிகிரி பார்க்கும் கேமராவுக்கு 70 செ.மீ. தூரத்தில் நடுவிலிருந்து இரு பக்கமும் 40 செ.மீ. தெரியும். 25 செ.மீ. தள்ளி வைத்தால் ஒரு பக்கம் 15 செ.மீ. இடம் மிச்சம். தலையில் பாதி அகலத்தை அதில் கழித்துக்கொள்ளுங்கள். லாரி ஓட்ட அது போதும், கேபினில் எட்டிப் பார்த்து ஆடுகிற விளையாட்டுக்குப் போதாது. போதாதவர்கள் பாதி திருப்புங்கள். 10 டிகிரி திரும்பிய கேமராவில் 10 செ.மீ. சாய்வுக்குக் கசிவு 2 செ.மீ.க்கும் குறைவு. எக்ஸ் வளைவின் ஆரம்பத்தில் ஒரு தட்டைப் பகுதி வைத்தால் தெரியவே தெரியாது.

"வலப்பக்கம் திரும்பினால் ஜூம் ஆகிறது, இடப்பக்கம் திரும்பினால் பின்னால் போகிறது"

இது கேமரா நடுவில் இல்லாததால் வருவதில்லை. தலையில் மாட்டிய கிளிப் நடுவில் இல்லாததால் வருவது. கேமரா பின்தொடர்வதற்காக ஹெட்ஃபோனின் இடது காதில் மூன்று எல்இடி கிளிப்பைச் செருகியிருப்பீர்கள். வலப்பக்கம் திரும்பும்போது இடது காது மானிட்டரை நோக்கி முன்னால் வருகிறது. மென்பொருளோ தலையே முன்னால் வந்ததாக நினைக்கிறது. கழுத்து அச்சிலிருந்து கிளிப் 9 செ.மீ. தள்ளி இருந்தால், 40 டிகிரி திருப்பத்தில் அது கிட்டத்தட்ட 6 செ.மீ. முன்னால் வரும், கூடவே 2 செ.மீ. பக்கவாட்டில் நகரும்.

எல்இடி புள்ளிகளைப் பின்தொடரும் பாயிண்ட் டிராக்கர் அமைப்பில் மாடல் என்ற பகுதியில் முதலில் கிளிப் வகை சரியாகத் தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், கிளிப்பும் தொப்பியும் வேறு வேறு வடிவம். பிறகு எல்இடிகளுக்கு இடையேயான தூரங்கள். வாங்கிய கிளிப் என்றால் தயாரித்தவர் தரும் அளவுகள், நாமே பற்றவைத்தது என்றால் ஸ்கேலை வைத்து மி.மீ. கணக்கில் அளந்தது. அதன் பிறகுதான் தலை மையத்துக்கும் கிளிப்புக்கும் உள்ள தூரம். இதைக் கையால் எழுதலாம், இல்லையென்றால் கேலிப்ரேஷன் பட்டனை இயக்கி மெதுவாகத் திரும்பி, குனிந்து நிமிர்ந்து காட்டினால் அதுவே கண்டுபிடிக்கும். அந்த நேரத்தில் தோளை அசைக்கக் கூடாது, தலையைப் பக்கவாட்டில் சாய்க்கவும் கூடாது. ஆடும் நாற்காலி என்றால் சாதாரண நாற்காலிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்கச் சுவரில் முதுகும் பின்னந்தலையும் லேசாகப் பட உட்கார்ந்து தலையை மட்டும் திருப்புங்கள். எக்ஸ், இசட் எண்கள் ஒன்றிரண்டு செ.மீ.க்குள் நின்றால் போதும். பூஜ்யத்துக்காகப் பாடுபடாதீர்கள், நம் கழுத்தும் ஒரே புள்ளியில் சுழலும் இயந்திரமல்ல.

கிளிப் இல்லாமல் வெப்கேமில் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் நியூரல்நெட் டிராக்கருக்கும் இதே போல் தலை மையத்தைத் தள்ளும் எண்கள் உண்டு. அங்கேயும் இதே சோதனைதான்.

"தூரமே தப்பாகக் காட்டுகிறது"

டிராக்கரிலிருந்து வரும் கச்சா எண்களில் இசட்டைப் பாருங்கள். டேப் 70 செ.மீ. காட்டும்போது திரையில் 100-க்குப் பக்கத்தில் ஓடினால் கேமராவின் பார்வைக் கோணம் தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பிளேஸ்டேஷன் 3-க்கான பழைய "பிஎஸ்3 ஐ" கேமராவில் இது அடிக்கடி நடக்கும். அதன் லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் 56 டிகிரி, 75 டிகிரி என இரண்டு நிலை. லென்ஸ் 75-இல் இருக்க, மென்பொருளில் 56 இருந்தால் தூரம் 1.4 மடங்குக்கு மேல் வீங்கும். நடுவில் வைத்த கேமராவில் இந்தப் பிழை ஓரளவு ஒளிந்துகொள்ளும். ஓரத்தில் முகம் விழும்படி வைத்தால் ஒளியாது, பக்கவாட்டுக் கோணமும் சேர்ந்து பிசகும். ஆகையால் இணையாக வைக்கச் சொன்னதைச் செய்வதற்கு முன் இதைச் சரிபாருங்கள். பார்வைக் கோணம் சரியாக இருந்தும் தூரம் தவறினால் கிளிப் அளவுகளில்தான் பிழை.

"ஒரு பக்கம் சீக்கிரமே விட்டுவிடுகிறது"

முகம் பார்க்கும் டிராக்கருக்குக் கன்னத்தை மட்டும் காட்டினால் ஒரு கட்டத்தில் விட்டுவிடும். கேமரா இடப்பக்கம் 25 டிகிரியில் இருந்தால், வலப்பக்கம் 40 டிகிரி திரும்பும்போதே அதற்கு 65 டிகிரி பக்கத்தோற்றம் தெரியும். இடப்பக்கம் 40 திரும்பினால் வெறும் 15. ஆக, எந்தப் பக்கம் அதிகம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் கேமரா இருக்க வேண்டும்.

நம் ஊர் வண்டிகளில் டிரைவர் வலப்பக்கம். வலது மிர்ரர் கைக்கெட்டும் பக்கத்தில் இருக்கும், இடது மிர்ரர் கேபினுக்கு அந்தப் பக்கம். இடப்பக்கம்தான் அதிகம் திரும்ப வேண்டியிருக்கும், அதனால் கேமரா இடப்பக்கம். ஐரோப்பிய இடது ஸ்டீயரிங் வண்டி ஓட்டினால் தலைகீழ். ஏற்காடு ஏறுவது போல 20 கொண்டை ஊசி வளைவு ஓட்டுகிறவருக்கு இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்க வேண்டும், அவர் கேமராவை முடிந்தவரை நடுவுக்குக் கொண்டுவரட்டும்.

எல்இடி கிளிப்பிலும் இதே நியாயம். இடது காதில் மாட்டிய கிளிப், இடப்பக்கம் திரும்பும்போது தலைக்குப் பின்னால் மறையும். கேமராவும் இடப்பக்கம் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளும். கிளிப்பும் கேமராவும் ஒரே பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் மாற்ற வழியில்லாதவர்கள் மேப்பிங்கில் யாவுக்கு மட்டும் அசிமெட்ரிக் வசதியை இயக்கி, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வளைவு வரையலாம். சீக்கிரம் விட்டுவிடும் பக்கத்தில் வளைவைச் செங்குத்தாக்குங்கள், 30 டிகிரியிலேயே மிர்ரர் வந்துவிடட்டும். முதல் ஐந்தாறு டிகிரியில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நேர் ரோட்டில் போகும்போதே பார்வை ஒரு பக்கம் இழுக்கும்.

"சும்மா இருக்கும்போதே துள்ளுகிறது"

கேமராவைப் பக்கத்தில் திருப்பியதும் அதன் பார்வையில் புதிதாக என்ன விழுகிறது என்று பாருங்கள். அகச்சிவப்பு எல்இடி வைத்திருப்பவர்களுக்கு வெயில்தான் முதல் எதிரி. சூரிய ஒளியில் அகச்சிவப்பு தாராளமாக இருக்கிறது. நேராக இருந்தபோது பின்னால் சுவர் இருந்தது, திருப்பியதும் ஜன்னல் வந்துவிட்டது. ஏற்காட்டில் காபித் தோட்டத்து வீட்டில் இருக்கும் நண்பர் ஒருவருக்குப் பனி மூடிய காலையில் ஒழுங்காக ஓடும், பனி விலகி வெயில் அடித்ததும் துள்ளும். மத்தியானம் மட்டும் கோளாறு என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "திரைச்சீலை போட்டிருக்கிறீர்களா?" என்பதுதான்.

பூஜை விளக்கும் இதில் சேர்த்தி. எண்ணெய்த் திரிச் சுடரும் பழைய குண்டு பல்பும் அகச்சிவப்பை உமிழும். வெறும் கண்ணுக்கு மங்கலான ஜீரோ வாட் பல்புகூட கேமராவுக்கு நான்காவது புள்ளி. சாதாரண எல்இடி பல்பு இந்த விஷயத்தில் சாது. மேசையில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரையும் நகர்த்திவிடுங்கள், கிளிப்பின் வெளிச்சத்தையே அது திருப்பிக் காட்டும்.

மென்பொருளில் செய்ய வேண்டியது: எக்ஸ்போஷரைக் குறையுங்கள், தானியங்கி எக்ஸ்போஷரை அணையுங்கள், த்ரெஷோல்டை (எவ்வளவு பிரகாசம் இருந்தால் புள்ளி என்று எடுத்துக்கொள்ளும் அளவை) ஏற்றுங்கள், படத்தில் மூன்றே மூன்று புள்ளி மிஞ்சும் வரை. புள்ளியின் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவையும் இறுக்குங்கள். நீங்களே கிளிப் செய்து எல்இடி மங்கலாக இருப்பதாகத் தோன்றினால், பார்வைக் கோணம் அகலமான எல்இடி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். குறுகலான எல்இடி நேராக நிற்கும் கேமராவுக்குப் பிரகாசமாகவும், ஓரத்தில் நிற்கும் கேமராவுக்கு மங்கலாகவும் தெரியும்.

வெயிலும் இல்லை, விளக்கும் இல்லை, எல்லா எண்களும் ஒரே தாளத்தில் சின்னதாக நடுங்குகின்றன என்றால் தலையைத் தூக்கிப் பாருங்கள். சீலிங் ஃபேன். ஓரத்தில் வைக்க வேண்டுமே என்று வளைகிற கம்பியில் கேமராவைத் தொங்கவிட்டிருப்பீர்கள், ஃபேன் ஐந்தில் ஓடும், கம்பி ஆடும். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. கம்பியை மாற்றி உறுதியான கிளாம்ப் போடுங்கள். இதையெல்லாம் செய்யாமல், நடுக்கத்தை மழுப்பும் அக்செலா ஃபில்டரின் ஸ்மூத்திங்கை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. துள்ளல் நிற்கும், ஆனால் தலை திரும்பி முடித்த பிறகுதான் பார்வை கிளம்பும்.

"நேரம் போகப் போக நடு நகர்கிறது"

ஃபோனைத் தலையில் கட்டி, அதில் சுழற்சியை உணரும் கைரோ சென்சாரின் எண்களை நெட்வொர்க் வழியாக 4242 போர்ட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு யா மெல்ல மெல்ல நகர்வது அந்தச் சென்சாரின் சுபாவம். அரை மணிக்கொரு முறை சென்டர் அழுத்துவதுதான் வழி.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு நகர்ந்தால் கேமராதான் நகர்கிறது. எந்த எண் நகர்கிறது என்று பாருங்கள். பிட்ச் மட்டும் மெதுவாக ஒரே பக்கம் போனால் கேமராக் கிளிப் தன் எடையில் தொங்குகிறது. யா போனால் யூஎஸ்பி வயர் இழுக்கிறது. வயரைக் கேமராவிலிருந்து ஒரு சாண் தள்ளி மேசைக் காலிலோ டிவி ஸ்டாண்டிலோ டேப் போட்டு ஒட்டி, கேமராப் பக்கம் கொஞ்சம் தொய்வு விடுங்கள். கிளாம்பின் ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு கேமராவின் அடியிலும் தாங்கியிலும் சேர்த்து ஒரு மார்க்கர் கோடு போட்டு வையுங்கள். வீட்டில் தூசு தட்டுகிறவர்கள் நகர்த்தினாலும் கோட்டோடு கோடு சேர்த்தால் பழைய ப்ரொஃபைல் அப்படியே ஓடும்.